நிபுணரை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது?

கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த 2020 செப்டம்பரில் செக் குடியரசின் சுகாதார அமைச்சர் ஆதாம் வோய்ட்டேக் பதவி விலகினார். அவர் படித்தது சட்டம். அவருடைய இடத்துக்குத் தொற்றுநோயியல் வல்லுநர் ரோமான் ப்ரிமுலா வந்தார். உணவகங்களை மூடும் உத்தரவு அமலில் இருந்தபோதே, இரவில் ஓர் உணவகத்திலிருந்து அவர் வெளியே வரும் படம் பத்திரிகையில் வெளியானது. ஐந்தாறு வாரங்களில் பதவி போயிற்று. அடுத்து வந்த ரத்தநோய் மருத்துவர் யான் ப்ளாட்னி, ஐரோப்பிய மருந்து முகமை ஒப்புதல் தராத ரஷ்யத் தடுப்பூசிக்கு இடம்கொடுக்க மறுத்துக் குடியரசுத் தலைவரின் கோபத்துக்கு ஆளானார். 2021 ஏப்ரலில் அவரும் வெளியே. பிறகு தோல்நோய் மருத்துவரும் மருத்துவமனை இயக்குநருமான பெட்ர் ஆரென்பெர்கர். சொத்து, வருமானக் கணக்கு பற்றிய கேள்விகளில் சிக்கி அவர் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. மே மாதக் கடைசியில் அந்த நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் அதே வழக்கறிஞர் வோய்ட்டேக்.

எட்டு மாதங்களில் மூன்று மருத்துவர்கள் வந்துபோனார்கள். மருத்துவம் தெரியவில்லை என்பதற்காக ஒருவரும் போகவில்லை. சொந்த நடத்தை, மேலிடத்தோடு மோதல், சொத்துக் கணக்கு: எந்தத் துறை அமைச்சரையும் கவிழ்க்கக்கூடிய காரணங்கள்தான் இவர்களையும் கவிழ்த்தன. அப்படியானால் நிபுணத்துவம் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. அறிவு அரசுக்குள் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அது எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதிகம் வேலை செய்யும் என்பதே இலாகா பிரிக்கிறவர் முடிவுசெய்ய வேண்டியது. அவர் முன்னால் இருக்கும் வழிகள் மொத்தம் ஐந்து.

அமைச்சரின் வேலை எது?

ஒப்பிடுவதற்கு முன் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோப்பில் வரும் மாற்றுவழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திடுவது, நிதியமைச்சகத்தோடு மல்லுக்கட்டித் துறைக்குப் பணம் வாங்குவது, அமைச்சரவையில் சக அமைச்சர்களைச் சம்மதிக்கவைப்பது, அவையில் பதில் சொல்வது, வாரியங்களுக்கும் ஆணையங்களுக்கும் ஆள் போடுவது, தவறு நடந்தால் பழியை ஏற்பது. இவற்றில் முதலாவதற்கும் ஆள் போடுவதற்கும்தான் துறையறிவு நேரடியாக உதவும். பணம் வாங்குவதற்கு வேண்டியது கட்சியில் உள்ள எடை. அவையில் கேள்விக்கு எழுதிக் கொடுத்த பதிலை யாரும் படித்துவிடலாம். துணைக்கேள்வியில்தான் சாயம் வெளுக்கும். அங்கே அறிவும் வேண்டும், அவையின் நாடித்துடிப்பும் தெரிய வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. துறையறிவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு அறிவுகள் ஒளிந்திருக்கின்றன. இதய அறுவை மருத்துவருக்கு எதிரே படுத்திருக்கும் ஒரு நோயாளியைத் தெரியும். சுகாதார அமைச்சகத்தின் அன்றாடமோ மருந்துக் கொள்முதல், ஊழியர் சம்பளம், காலிப் பணியிடம், காப்பீட்டுத் தொகை, மருந்து விலை, மாநிலங்களோ மாவட்டங்களோ பங்குபோடும் நிதி. இவற்றில் எதுவும் மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இல்லை. நல்ல ஆசிரியரைக் கல்வியமைச்சராக்கினாலும் இதே கதைதான்: வகுப்பறை அவருக்கு அத்துபடி, லட்சக்கணக்கான ஆசிரியர்களின் இடமாறுதல் விதி புதிது. ஆகவே 'நிபுணர்' என்று ஒரு பெயர் பரிந்துரைக்கப்பட்டால், தொழிலில் நிபுணரா, அந்தத் தொழில் சார்ந்த அமைப்பை நடத்துவதில் நிபுணரா என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். பல நியமனங்கள் இந்த ஓர் இடத்திலேயே சறுக்கியவை.

முதல் வழி: துறை தெரியாத அரசியல்வாதி

நாடாளுமன்ற நாடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். இதற்கு ஆதரவாக வைக்கக்கூடிய ஆகச் சிறந்த சாட்சி அனைரின் பெவன். 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குப் போனவர், 1945-இல் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை பிரிட்டிஷ் மருத்துவர் சங்கத்தின் உறுப்பினர்கள் பெருவாரியாக அதை எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். பெவன் செய்தது மருத்துவ முடிவு இல்லை, பேரம். மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர்கள் தனியார் நோயாளிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்றும், குடும்ப மருத்துவர்களை மாதச் சம்பள ஊழியர்களாக்க மாட்டோம் என்றும் விட்டுக்கொடுத்து, சங்கத்தின் ஒற்றுமையை உடைத்தார். திட்டத்தின் வடிவம் சமூகப் பாதுகாப்பு பற்றிய 1942-இன் பெவரிட்ஜ் அறிக்கை, அரசின் கொள்கை விளக்கமான 1944-இன் வெள்ளை அறிக்கை ஆகியவற்றின் மேல் அதிகாரிகளும் வல்லுநர்களும் எழுப்பியது. தன் சக மருத்துவர்களுக்கு எதிராக ஒரு மருத்துவர் அமைச்சராக நின்று இந்தப் பேரத்தை இதே இறுக்கத்தோடு நடத்தியிருப்பாரா என்பது சந்தேகம்.

சிங்கப்பூரின் கோ கெங் சுவீ இன்னொரு வகை. பொருளாதாரத்தில் முனைவர், 1959-இல் நிதியமைச்சர் ஆனது பொருத்தம். 1965-இல் நாடு தனியாகப் பிரிந்ததும் அவரிடம் பாதுகாப்பு இலாகா கொடுக்கப்பட்டது. தன்னார்வப் படையில் கார்ப்பரலாக இருந்ததுதான் அவருடைய ராணுவ அனுபவம். கட்டாய ராணுவ சேவை 1967-இல் வந்தது. 1979-இல் கல்விக்கு மாற்றப்பட்டு அங்கும் அடித்தளத்தையே மாற்றினார். ஒரு துறையில் ஆழப் படித்தவர் அடுத்த துறையைக் கற்கும் விதத்தையும் சேர்த்தே கற்றிருக்கிறார் என்பது இந்த வகையின் பலம். பட்டத்தின் பெயரைவிட, கடைசியாக எப்போது ஒரு புதுப் பாடத்தை அடியிலிருந்து கற்றார் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

பெவன்களும் கோக்களும் அரிது. 2018-இல் ஜப்பானின் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர், தாம் கணினியைப் பயன்படுத்தியதே இல்லை என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். யூஎஸ்பி பற்றிய கேள்விக்கும் தடுமாறினார். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளராக முயன்ற ரிக் பெர்ரி, 2011-இல் எரிசக்தித் துறையை ஒழிக்கவேண்டும் என்ற தன் திட்டத்தை மேடை விவாதத்தில் சொல்ல வந்து, துறையின் பெயரையே மறந்து நின்றவர். 2017-இல் அவரே அந்தத் துறைக்கு முன்மொழியப்பட்டபோது, துறையின் பணிகளைக் கேட்டறிந்த பின் அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாக செனட்டில் ஒப்புக்கொண்டார். பெயரில் எரிசக்தி என்று இருந்தாலும் அந்தத் துறையின் பெரும்பகுதி வேலை அணு ஆயுதப் பராமரிப்பும் தேசிய ஆய்வகங்களும்தான்.

அறியாமை எப்படிச் சேதம் செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமைச்சர் முட்டாள்தனமான முடிவெடுப்பது அரிது. பெரும்பாலும் அவர் முடிவே எடுப்பதில்லை. துறை எடுத்த முடிவில் கையெழுத்திடுகிறார். வழக்கமான உத்தி இது: குறிப்பில் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று பெருஞ்செலவு, இன்னொன்று சட்டச் சிக்கல், நடுவில் இருப்பது துறைக்குப் பிடித்தது. விவரம் தெரிந்தவர் நான்காவது வழி ஏன் எழுதப்படவில்லை என்று கேட்பார். தெரியாதவர் நடுவில் டிக் போடுவார். அடுத்த ஆபத்து, புதுமை மோகம். துறையின் பழைய தோல்விகள் தெரியாததால், பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட திட்டம் புதுப்பெயரில் வந்து நிற்கும்.

இதற்கு மருந்து காலம்தான். ஒரு பெரிய துறையின் வரவுசெலவுச் சுழற்சியை ஒரு முறை முழுதாகப் பார்க்கவே ஓராண்டு ஆகும். இரண்டாவது சுற்றில்தான் அமைச்சர் தன் சொந்த முன்னுரிமையை உள்ளே நுழைக்க முடியும். பிரிட்டனில் 2010-க்கும் 2024-க்கும் இடையில் வீட்டுவசதி அமைச்சர் பதவியில் 15 பேருக்கு மேல் வந்துபோனார்கள். சராசரியாக ஓராண்டும் தேறாது. அந்தப் பதவிக்கு உலகின் தலைசிறந்த நகரமைப்பு வல்லுநரைப் போட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. துறை தெரியாதவரைப் போடுவதைவிட, தெரிந்துகொள்ளும் நேரத்தில் தூக்குவது பெரிய தப்பு.

இரண்டாம் வழி: வெளியிலிருந்து நிபுணர்

கொண்டுவரும் வாசல் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லாதவரை அமைச்சராக்கலாம். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகவில்லை என்றால் 75(5) பிரிவின்படி பதவி போய்விடும். மாநிலங்களுக்கு 164(4). பிரிட்டனில் பிரபுக்கள் அவைக்கு நியமித்து எடுத்துக்கொள்கிறார்கள். அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த பேட்ரிக் வாலன்ஸ் 2024-இல் அறிவியல் அமைச்சரானது இந்த வழியில். நெதர்லாந்திலும் பிரான்சிலும் அமைச்சராக இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக நீடிக்கவே கூடாது. அமெரிக்காவிலும் அப்படியே, கூடவே செனட்டின் ஒப்புதலும் வேண்டும். அங்கெல்லாம் வெளியாள் வருவது இயல்பான காரியம்.

வெற்றிக் கதை என்றால் எல்லோரும் இந்தியாவின் 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தைச் சொல்வார்கள். அதன் உள்கட்டமைப்பைப் பார்ப்பதுதான் உபயோகம். மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கி ஆளுநர் (1982–85), நிதித்துறைச் செயலாளர், திட்டக்குழுத் துணைத்தலைவர் என்ற மூன்று நாற்காலிகளிலும் இருந்தவர். பொருளாதாரப் பேராசிரியர் என்பதைவிட இந்த நிர்வாக அனுபவம்தான் பெரிய தகுதி. ஜூன் 21-இல் பதவியேற்றார், ஜூலை 1-லும் 3-லும் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளில் குறைக்கப்பட்டது, 24-இல் பட்ஜெட். அக்டோபரில்தான் மாநிலங்களவை உறுப்பினரானார். பிரதமர் நரசிம்ம ராவ் தொழில் இலாகாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். உரிம முறையை உடைத்த புதிய தொழில்கொள்கை பட்ஜெட் நாளன்றே அவையில் வைக்கப்பட்டது. கூச்சலில் பாதியைப் பிரதமர் தாங்கினார் என்பதே இதன் பொருள்.

அதே பட்ஜெட்டில் உர விலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வெடித்து, உயர்வு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறு விவசாயிகளுக்கு விலக்கும் தரப்பட்டது. நிபுணரின் கணக்கு எங்கே நிற்கும், அரசியல் எங்கே தொடங்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கோடு கிடைக்காது. பிரதமரின் நிழல் இல்லாத நிபுணர் அந்த வாரத்திலேயே போயிருப்பார்.

பேச்சுவார்த்தை மேசையில் நிபுணரின் மதிப்பு இன்னும் கூடும். ஈரான் அணு ஒப்பந்தப் பேச்சில் 2015 பிப்ரவரி முதல் அமெரிக்காவின் பக்கம் எரிசக்தித் துறைச் செயலர் (அங்கே அமைச்சருக்கு அதுதான் பெயர்) எர்னஸ்ட் மோனிஸ் உட்கார்ந்தார். எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். எதிரே ஈரானின் அலி அக்பர் சாலேஹி; அதே எம்ஐடியில் 1977-இல் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களின் எண்ணிக்கை, செறிவூட்டும் அளவு, கனநீர் உலையின் வடிவமைப்பு ஆகியவற்றை இருவரும் இடைத்தரகர் இல்லாமல் பேசினார்கள். ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் 2018 மே மாதம் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. இயற்பியல் சரியாகவே இருந்தது; உள்நாட்டில் அதைத் தூக்கிநிறுத்தும் வாக்குகள் இல்லை.

இந்த வழியில் தவறு எங்கே முளைக்கிறது? முதலாவது, தன் கருவியால் அளக்க முடிந்ததையே நிபுணர் உண்மை என்று கொள்வது. ஃபோர்டு நிறுவனத் தலைவராக இருந்து 1961-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக வந்த ராபர்ட் மெக்னமாரா, ஆயுதக் கொள்முதலையும் வரவுசெலவையும் எண்களால் ஒழுங்குபடுத்தியதில் பெயர்பெற்றார். அதே எண் பழக்கம் வியட்நாமில் கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையை முன்னேற்றத்தின் அளவுகோலாக்கியது. கீழிருப்பவர்கள் மேலே பிடிக்கும் எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது, தன் துறையின் ஓரத்தில் நிற்கும் மனிதர்களைப் பார்க்கத் தவறுவது. இத்தாலியின் எல்சா ஃபோர்னேரோ ஓய்வூதியப் பொருளாதாரத்தில் பேராசிரியர், அந்த நாட்டில் அந்தப் பாடத்தில் முன்னணிப் பெயர். தொழிலாளர் நல அமைச்சராகி, 2011 டிசம்பரில் ஓய்வு வயதை உயர்த்திய சட்டத்தை அவசரமாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே நிறுவனங்களோடு உடன்பாடு செய்து, விரைவில் ஓய்வூதியம் வரும் என்று நம்பி வேலையை விட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்: சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அரசு 65,000 பேர் என்று கணக்கிட்டது. ஓய்வூதிய நிறுவனத்தின் கணக்கு 3,90,000-க்கும் மேல். அவர்களைக் காப்பாற்ற அடுத்தடுத்துத் தனிச் சட்டங்கள் போட வேண்டிவந்தது. நீண்டகாலக் கணக்கு சரிதான். இடைக்காலத்தில் விழுபவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் தொழிற்சங்கங்களும் தொகுதி உறுப்பினர்களும். அவர்களோடு பேச அந்த அரசுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

மூன்றாவது, சொந்த வாக்கு இல்லாமை. கார்ல் லாவுட்டர்பாக் மருத்துவர், தொற்றுநோயியல் படித்தவர், ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. 2021 டிசம்பரில் ஜெர்மனியின் சுகாதார அமைச்சரானார். அவர் ஆதரித்த, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான கட்டாயத் தடுப்பூசி மசோதா 2022 ஏப்ரல் 7-இல் அவையில் தோற்றது. வங்கிப் பயிற்சி பெற்ற முந்தைய அமைச்சர் யென்ஸ் ஷ்பான் அதைக் கொண்டுவந்திருந்தால் வென்றிருக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால், பாடம் நன்றாகத் தெரிந்தவர் சொன்னால் அவை கேட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இது போதுமான மறுப்பு.

நான்காவது, நலமுரண். துறை நிபுணர் பெரும்பாலும் அதே துறையில் சம்பாதித்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த சார்லஸ் வில்சனை 1953-இல் பாதுகாப்புச் செயலராக்க, அந்த நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்க அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பங்கை விற்றுவிடலாம். முன்னாள் மாணவர்கள், கூட்டுக் காப்புரிமை, திரும்பிப் போய்ச் சேர வேண்டிய வேலை ஆகியவற்றை விற்க முடியாது.

மூன்றாம் வழி: அவைக்குள்ளேயே இருக்கும் தொழில் தெரிந்தவர்

மருத்துவரான உறுப்பினருக்குச் சுகாதாரம், வழக்கறிஞருக்குச் சட்டம். கேட்கச் சரியாக இருக்கும், கைக்கு எட்டும் ஆட்கள்தான் குறைவு. வழக்கறிஞர்கள் எந்த அவையிலும் நிறைய இருப்பார்கள். நீர்ப்பாசனப் பொறியாளர் இருப்பாரா என்பது அதிர்ஷ்டம். தொழிற்சங்கப் பாசமும் கூடவே வரும்: முன்னாள் ஆசிரியர் ஆசிரியர் சங்கத்தோடும், முன்னாள் ராணுவத்தினர் தன் படைப்பிரிவோடும் பேரம் பேசுவது கடினம்.

சட்டமும் ராணுவமும் இரண்டு எதிர்முனைகள். அமெரிக்காவின் 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம், தலைமை அரசு வழக்கறிஞர் சட்டம் கற்றவராக இருக்க வேண்டும் என்று அப்போதே எழுதிவைத்தது. அதே நாட்டில் பாதுகாப்புச் செயலருக்கு நிபுணத்துவமே தடை: 1947-இன் சட்டம், படையிலிருந்து விலகிப் பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும் என்றது, 2008-இல் அது ஏழானது. 1950-இல் மார்ஷல், 2017-இல் மாட்டிஸ், 2021-இல் ஆஸ்டின் என்று மூன்று பேருக்குத்தான் நாடாளுமன்றம் விலக்களித்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்களை மேற்பார்வை செய்பவர் அவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

பிரிட்டனில் 2012-இல், சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் சட்டம் படிக்காத ஒருவர், கிறிஸ் கிரேலிங், நீதித்துறைப் பொறுப்பு அமைச்சரான லார்டு சான்சலர் ஆனார். கைதிகளுக்குப் புத்தகம் அனுப்புவதைக் கட்டுப்படுத்திய விதியை 2014-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு வெளியே கவனிக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பின் பெரும்பகுதியைத் தனியாருக்குக் கொடுத்த திட்டம் 2021-இல் முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது. வழக்கறிஞராக இல்லாததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். முதலாவதற்கு அது பொருந்தலாம். இரண்டாவது கெட்டது ஒப்பந்த வடிவமைப்பில். எத்தனை வழக்குகள் வரும் என்ற கணிப்பும் விளைவுக்கேற்ற கட்டண முறையும் பிசகின. அந்தப் பிசகைப் பிடிக்கக் கறுப்பு அங்கி போதாது, கொள்முதல் தெரிந்த கண் வேண்டும்.

நான்காம் வழி: மேலே அரசியல்வாதி, அடுத்த நாற்காலியில் நிபுணர்

எங்கள் கணிப்பில் பெரும்பாலான துறைகளுக்கு இதுவே ஏற்றது. பேசப்படுவதோ மிகக் குறைவு.

சி. சுப்பிரமணியம் 1964-இல் இந்தியாவின் உணவு, வேளாண் அமைச்சரானபோது அவரிடம் இருந்தது இயற்பியல் பட்டமும் சட்டப் பட்டமும். வேளாண் விஞ்ஞானி இல்லை. அவர் முதலில் கைவைத்தது நாற்காலிகளில். 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பதவிக்கு பி.பி. பால் வந்தார், அந்த இடத்துக்கு வந்த முதல் விஞ்ஞானி அவர். துறைச் செயலாளராக பி. சிவராமன். சோதனை வயல் முடிவுகளோடு எம்.எஸ். சுவாமிநாதன். எந்த ரகம் என்பதை அவர்கள் சொன்னார்கள். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணியை வாங்கித் தந்ததும், விவசாயிக்கு நியாய விலை தர 1965-இல் வேளாண் விலை ஆணையத்தையும் உணவுக் கழகத்தையும் நிறுவவைத்ததும் அமைச்சரின் வேலை. நிதியமைச்சகமும் திட்டக்குழுவும் எதிர்த்தன. அவையில் இடதுசாரிகள் எதிர்த்தார்கள். 1964–65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967–68-இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அதற்குள் 1967 தேர்தலில் அவர் தோற்றிருந்தார். பழியை ஏற்கும் நாற்காலி அது.

இந்தியாவின் அறிவியல் துறைகளில் இது நிரந்தர ஏற்பாடாகவே இருக்கிறது. 1954-இல் அணுசக்தித் துறை உருவானபோது அதன் செயலாளர் ஹோமி பாபா. இஸ்ரோ தலைவரே விண்வெளித் துறையின் செயலாளர். வேளாண் ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநரும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநரும் அவரவர் துறைகளின் செயலாளர்கள். நிபுணரின் குறிப்பு இன்னொருவர் மேசையில் சுருங்காமல் நேரே அமைச்சருக்குப் போகிறது. மேலே யார் வந்தாலும் அறிவு கீழே நிலைத்திருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. செயலாளரே விஞ்ஞானி என்றால் அவரைக் கேள்வி கேட்பவர் யார்? இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டு இயங்கிவந்தது. ஆணையத்தின் தலைவரோ துறைச் செயலாளரேதான். வாரியத்துக்குச் சுதந்திரம் போதவில்லை என்று 2012-இல் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. நிபுணரை இரண்டாம் நாற்காலியில் வைத்தால், கண்காணிப்பவரை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

நிபுணர் இருந்தும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடை செய்யப்பட்டது. வேளாண் விஞ்ஞானிகளின் எச்சரிக்கைகள் கையில் இருந்தன. கட்டம் கட்டமாக மாறுவதற்கான திட்டம் இல்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் முதன்மைச் சாகுபடிப் பருவமான மகா போகத்தின் நெல் விளைச்சல் அதற்குள் கடுமையாக விழுந்திருந்தது. ஆலோசனை சொல்ல ஆள் இருந்தால் போதாது. ஆலோசனையை மீறுவதற்கு ஒரு விலை இருக்க வேண்டும்.

பிரிட்டன் அந்த விலையை ஒரு கடிதமாக வைத்திருக்கிறது. துறையின் நிரந்தரச் செயலர் ஒவ்வொரு செலவையும் நான்கு கேள்விகளால் சோதிக்கிறார்: சட்ட அதிகாரம் உண்டா, முறையானதா, பணத்துக்கு மதிப்பு உண்டா, நடைமுறையில் முடியுமா. ஒன்று தேறாவிட்டாலும் அமைச்சரிடம் எழுத்துமூல உத்தரவு கேட்பார். அமைச்சர் கொடுத்தால் செலவு நடக்கும், கடிதத்தின் நகல் தலைமைத் தணிக்கையாளருக்குப் போகும். 2015-இல் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டு தர இப்படி உத்தரவு எழுதப்பட்டது. ஓரிரு மாதத்துக்குள் நிறுவனம் மூடப்பட்டபோது, யார் எச்சரித்தார், யார் மீறினார் என்பதில் சந்தேகமே எழவில்லை. துறை தெரியாத அமைச்சரை இந்த ஒரு தாள் தயங்கவைக்கும் அளவுக்கு எந்தப் பயிற்சி முகாமும் தயங்கவைக்காது.

ஐந்தாவது வழி, முழு அமைச்சரவையையும் நிபுணர்களால் நிரப்புவது. இத்தாலியில் 2011 நவம்பரில் வந்த பிரதமர் மாரியோ மோன்டியின் அரசு அப்படி. கடன் நெருக்கடியின் உச்சத்தில் ஓராண்டுக்கு அது உதவியது. 2013 தேர்தலில் மோன்டியின் கூட்டணிக்குச் சுமார் பத்து சதவீத வாக்குதான் கிடைத்தது. 2021-இல் பிரதமரான மாரியோ த்ராகி அதே நாட்டில் நிதி, டிஜிட்டல், சூழல் போன்ற சில இலாகாக்களை மட்டும் நிபுணர்களிடம் கொடுத்து மற்றதைக் கட்சிகளுக்கு விட்டார். பாடம் கற்றதாகத்தான் தெரிகிறது.

எந்தத் துறைக்கு எது

இலாகா பிரிப்பவர் ஒவ்வொரு துறையையும் பார்த்து இரண்டு விஷயங்களைக் கேட்டால் போதும். இப்போதைய சண்டை எதைப் பற்றியது: இலக்கைப் பற்றியா, வழியைப் பற்றியா? இலக்கே சண்டையில் இருந்தால் (யாருக்கு இட ஒதுக்கீடு, எந்த மொழியில் பாடம், நிலம் யாருக்கு) அரசியல்வாதிதான் தீர்க்க முடியும். இலக்கில் ஒத்துப்போய் வழியில் தடுமாறினால் நிபுணருக்கு வேலை உண்டு. அடுத்து, துறைக்குள் அறிவு மிச்சம் இருக்கிறதா? செயலாளரும் அமைச்சரும் ஒரே ஆண்டில் மாறும் துறையில் நினைவே இல்லை. அங்கே தெரிந்தவர் ஒருவரையாவது மேலே வைத்தாக வேண்டும்.

அந்நியச் செலாவணி தீர்ந்த நிதியமைச்சகத்துக்கு இரண்டாம் வழி, பிரதமரின் வெளிப்படையான காவலோடு. சாதாரண காலத்து நிதியமைச்சகத்துக்கு அது வேண்டாம். அங்கே முழுநேர வேலை மற்ற அமைச்சர்களுக்கு 'இல்லை' சொல்வது. சட்டத்துக்கு மூன்றாம் வழி. பாதுகாப்புக்கு எப்போதும் சீருடை அணியாதவர். சுகாதாரம், வேளாண்மை, மின்சாரம், நீர்வளம், அணுசக்தி எல்லாம் நான்காம் வழி. சுகாதாரத்தில் மருத்துவரைவிடப் பொதுச் சுகாதாரம் தெரிந்தவரை இரண்டாம் நாற்காலிக்குத் தேடுங்கள். கேரளத்தில் 2018-இன் நிபா பரவலை எதிர்கொண்ட அமைச்சர் கே.கே. ஷைலஜா முன்னாள் பள்ளி ஆசிரியை, நோய்த்தடுப்புப் பணியாளர்கள் கீழே தயாராக இருந்தார்கள்.

முதல் 90 நாள்

துறை தெரியாதவர் பொறுப்பேற்றால் முதல் வாரத்தில் விளக்கப்படக் காட்சிகளை ஒத்திவைத்து, தாள்களைக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு துறை செலுத்திய மிகப்பெரிய இருபது தொகைகள், யாருக்கு என்ற விவரத்தோடு. தீராத தணிக்கை ஆட்சேபங்கள். அடுத்த ஆறு மாதத்தில் காலாவதியாகும் ஒப்பந்தங்களும் நீதிமன்றக் கெடுக்களும். பதவி வாரியாகக் காலியிடங்கள். கடந்த பத்தாண்டில் கைவிடப்பட்ட திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் காரணம். இரண்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு கோப்பிலும் மூன்று கேள்விகள் போதும்: துறைக்குள் இதை எதிர்த்தவர் யார், அவர் குறிப்பு எங்கே; நான் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்; இதில் உள்ள எண்களில் எது நம்பகம் குறைந்தது. மூன்றாவதற்கு உடனே பதில் வந்தால் நல்ல துறை. எல்லாமே சரியான எண்கள் என்று பதில் வந்தால், அடுத்த நாளே களத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நிபுணர் பொறுப்பேற்றால் பட்டியல் தலைகீழ். முதல் நாளிலேயே பங்குகள், ஆலோசனைக் கட்டணங்கள், நிலுவையில் உள்ள காப்புரிமைகள், துறையில் மானியம் பெறும் முன்னாள் மாணவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து, அந்தக் கோப்புகள் எந்த அமைச்சருக்குப் போகும் என்று ஆணை வாங்க வேண்டும். தான் எழுதிய கட்டுரைகளில் அரசின் கொள்கைக்கு முரணானவற்றை எதிர்க்கட்சி எடுப்பதற்கு முன் தானே எடுத்துவைக்க வேண்டும். தன் சிந்தனைப் பள்ளிக்கு எதிரான இரண்டு பேரை ஆலோசனைக் குழுவில் போட வேண்டும். செயலாளரைத் தாண்டிக் கீழே உள்ள பழைய சகாக்களை நேரே அழைக்கும் பழக்கத்தை விட வேண்டும். அது தொடங்கிய மாதத்திலேயே கோப்புகள் தாமதமாகும். வாரத்தில் ஒரு மாலையை ஆளுங்கட்சி உறுப்பினர்களின் புகார்களுக்கு ஒதுக்கி, செயலாளரோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். புதிய விதி யாரை நடுவழியில் விட்டுவிடுகிறது என்ற தகவல் மாதிரிக் கணக்கில் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அந்த மாலைகளில் வந்துவிடும்.